வளர்ச்சி குன்றிய குழந்தையும் பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவும்

ஆனி மாதம் பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், எங்கள் புறநோயாளர் பிரிவிற்கு வரும் கூட்டத்தின் இயல்பும் மாறிவிடும். அருவிக்கு வந்த வெளியூர்க் குடும்பங்கள் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கேட்டு வருவார்கள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரத்துக் குடும்பங்கள் வேறொரு கவலையோடு வருவார்கள். பள்ளி திறந்து வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். தம் பிள்ளை இவ்வாண்டும் வரிசையின் முதலிலேயே நிற்பதைக் கண்டு மனம் வாடியிருப்பார்கள்.

அப்படியொரு சாரல் நாளில், 2 வயது ஆண் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் ஒருவர் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "டாக்டர், பிள்ளை வளருவானா?" என்பது முதற்கேள்வி. சற்றுத் தயங்கிவிட்டு, "இவன அருவியில குளிப்பாட்டலாமா? வீட்டுல எல்லாரும் போறாங்க. இவன மட்டும் விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார்.

முதற்கேள்விக்கு விடையளிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டாம் கேள்விக்கு நாங்கள் சொன்ன விடையை இக்கட்டுரையின் இறுதியில் காண்பீர்கள். இவ்விரண்டு கேள்விகளையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளும் பெற்றோரே நல்ல முடிவுகளை எடுக்கிறார்கள் என்பது எங்கள் பட்டறிவு. நாளைய உயரத்தைப் பற்றிய கவலையில் குழந்தையின் இன்றைய நாள் தொலைந்துவிடக் கூடாது. இன்றைய நாள் நன்றாகக் கழிகிறதே என்று மருத்துவத்திற்குரிய காலத்தையும் தவறவிடக் கூடாது.

கீழே வரும் குடும்பங்களின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளோம்.

அளப்பதே முதல் மருத்துவம்

பிறக்கும்போது குழந்தையின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். முதலாம் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டரும், இரண்டாம் ஆண்டில் சுமார் 12 சென்டிமீட்டரும் வளரும். நான்கு வயதில் உயரம் ஏறத்தாழ 100 சென்டிமீட்டரை எட்டும். அதன்பின் பருவம் எய்தும் வரை ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. ஆகவே, பிள்ளை மற்றவர்களைவிடக் குள்ளமாக இருக்கிறதா என்பதைக் காட்டிலும், சென்ற ஆண்டைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதே முதன்மையான கேள்வி. ஓராண்டில் 5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

வீட்டிலேயே அளக்கலாம். காலணியைக் கழற்றி, பின்னலையும் கொண்டையையும் அவிழ்த்து, குதிகால், பிட்டம், முதுகு, பின்தலை ஆகியவை சுவரைத் தொடுமாறு குழந்தையை நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிப்பாகத்தைச் சுவரில் குறித்து, தேதியையும் எழுதுங்கள். மாலையில் உயரம் காலையைவிடச் சற்றுக் குறைந்திருக்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் அளக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு வாரமும் அளப்பது குழந்தையின் மனத்தைத்தான் புண்படுத்தும்.

பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தந்தை, தாய் இருவர் உயரத்தையும் கூட்டி, ஆண் குழந்தையாயின் அத்துடன் 13 சென்டிமீட்டரைச் சேர்த்தும், பெண் குழந்தையாயின் 13 சென்டிமீட்டரைக் கழித்தும், இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 166, தாய் 150 சென்டிமீட்டர் எனில், மகனுக்கு ஏறத்தாழ 164.5, மகளுக்கு ஏறத்தாழ 151.5 சென்டிமீட்டர் உயரத்தை எதிர்பார்க்கலாம். இதற்குச் சில சென்டிமீட்டர் மேலும் கீழும் அமைவதும் இயல்பே.

இவ்விடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆலங்குளம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் தாய் ஒருவர், தம் மகளை மூன்று ஆண்டுகளில் நான்கு முறை காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எங்களிடம் அழைத்து வந்திருந்தார். மருந்தின் அளவைக் கணக்கிட எடை தேவை. ஆதலால் நான்கு முறையும் எடை பார்த்து எழுதியிருந்தோம். உயரத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஐந்தாம் முறை அளந்தபோது அவளுக்கு வயது 9. உயரம் 112 சென்டிமீட்டர். அன்று முதல் எங்கள் பிரிவில், எந்த நோய்க்காக வந்த குழந்தையாயினும், உயரம் எழுதப்படாத சீட்டு மருத்துவரின் மேசைக்கு வருவதில்லை.

காரணம் அறியாமல் மருந்தில்லை

உயரக் குறைவு என்பது ஓர் அறிகுறி. அதன் பின்னே இருக்கும் காரணங்கள் பல. பெரும்பாலான குழந்தைகள் குடும்ப வாகினாலேயே உயரம் குறைந்திருப்பார்கள். வேறு சிலர் தாமதமாகப் பருவம் எய்தி, பின்னர் வளர்ந்துவிடுவார்கள். இவ்விரு வகையினருக்கும் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. நெடுநாள் ஊட்டக்குறைவு, தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய், தலசீமியா போன்ற இரத்த நோய்கள், கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல்நோய் ஆகியவையும் வளர்ச்சியைத் தடுக்கும். இவற்றில் மூல நோயைச் சரிசெய்வதே மருத்துவம். தைராய்டு குறைபாடுள்ள குழந்தைக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை கொடுத்தாலே வளர்ச்சி மீள்வதைக் காணலாம்.

மூன்று நிலைகளில்தான் பெற்றோர் கடினமான தேர்வை எதிர்கொள்கிறார்கள். அவை வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, பெண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் டர்னர் நோய்க்குறி, எலும்பின் வளர்ச்சியே மாறுபடும் அகோண்ட்ரோபிளேசியா போன்ற நிலைகள்.

மூடிக்கொள்ளும் கதவு

நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தகடு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. அது திறந்திருக்கும் வரைதான் எலும்பு நீளும். பருவமடைந்து சில ஆண்டுகளில் அது எலும்பாக இறுகி மூடிவிடும். இடக்கையின் எக்ஸ்-ரே ஒன்றைப் பார்த்தே, எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்பதை ஒருவாறு கணிக்கலாம். இதனையே எலும்பு வயது என்கிறோம்.

ஒருமுறை 16 வயதுச் சிறுவனைத் தந்தை அழைத்து வந்தார். நான்கு ஆண்டுகளாக உயரம் வளர்க்கும் என்று விற்கப்பட்ட பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கிக் கொடுத்திருந்தார். கம்பியில் தொங்கவும் விட்டிருந்தார். எக்ஸ்-ரேயில் வளர்ச்சித் தகடுகள் ஏறத்தாழ மூடியிருந்தன. அந்த நான்கு ஆண்டுகளை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. வளர்ச்சித் தகட்டை மீண்டும் திறக்கும் பொடியோ, எண்ணெயோ, பயிற்சியோ கிடையாது. பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். வளரும் காலம் போனால் போனதுதான்.

வளர்ச்சி ஹார்மோன், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, பெரிதும் உறக்கத்தின்போது, அலை அலையாகச் சுரக்கிறது. ஆதலால் பகலில் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து 'ஹார்மோன் குறைவு' என்று முடிவு கட்ட இயலாது. மருந்து கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிட்டு, குறித்த நேர இடைவெளிகளில் இரத்தம் எடுத்து அளக்கும் சோதனையே தேவை. குறைபாடு உறுதியானால் பிட்யூட்டரியை எம்ஆர்ஐ மூலம் பார்ப்போம். இக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கே ஹார்மோன் ஊசி மிகுந்த பயன் தருகிறது. முதலாண்டில் 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளர்வதைக் காண்கிறோம்.

"இந்த ஊசியைப் பிணத்திலிருந்து எடுப்பார்களாமே?" என்று கேட்ட ஆச்சியும் உண்டு. அவர் கேட்டதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 1950-களின் இறுதியிலிருந்து, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனே குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் சிலர் பிற்காலத்தில் மூளையை அழிக்கும் கொடிய நோய்க்கு ஆளானது 1985-இல் தெரியவந்ததும், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஹார்மோனுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று நாம் பயன்படுத்துவது இந்த இரண்டாவது வகையே. அதில் மனித உடலின் பகுதி ஏதும் இல்லை.

ஆயினும் இது விளையாட்டான மருந்தன்று. நாள்தோறும் இரவில், பல ஆண்டுகள், தோலுக்கடியில் போட வேண்டிய ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். குழந்தையின் எடை கூடக் கூட மருந்தின் அளவும் செலவும் கூடும். கடுந்தலைவலி, பார்வை மங்கல், இடுப்பு அல்லது முழங்கால் வலியால் நொண்டி நடத்தல் ஆகியவை தோன்றினால் உடனே எங்களிடம் வர வேண்டும். முதுகெலும்பு வளைவையும் இரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

ஒரு வீட்டு மனையும் சில சென்டிமீட்டரும்

நாங்கள் நான்கு முறை அளக்கத் தவறிய சிறுமிக்கு டர்னர் நோய்க்குறி இருப்பது குரோமோசோம் பரிசோதனையில் தெரிந்தது. பெண்களுக்கு இயல்பாக உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருக்கும் நிலை இது. 1938-இல் இதனை விவரித்த ஹென்றி டர்னர் என்னும் அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. வெளித்தோற்றத்தில் உயரக் குறைவைத் தவிர வேறெதுவும் தெரியாமலும் இருக்கலாம். காரணம் புலப்படாமல் உயரம் குறைந்த எந்தப் பெண் குழந்தைக்கும் இப்பரிசோதனை தேவைப்படுவது இதனாலேயே.

தந்தை சரக்கு வாகனம் ஓட்டுபவர். ஊசியைப் பற்றிக் கேட்டவுடன், தம் பெயரில் இருந்த வீட்டு மனையை விற்றுவிடுவதாகச் சொன்னார். தாய் அதுவரை பேசாதிருந்தவர், "எத்தன சென்டிமீட்டர் கூடும் டாக்டர்?" என்று கேட்டார். டர்னர் நோய்க்குறியில் பல ஆண்டுகள் ஊசி போட்டால், இறுதி உயரத்தில் சராசரியாக 5 முதல் 8 சென்டிமீட்டர் கூடும் என்றோம். இளவயதில் தொடங்கினால் பயன் மிகும், அவளுக்கு ஏற்கெனவே 9 வயதாகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. "அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு மனையா?" என்றார் அவர். அது கணவரை நோக்கிய கேள்வியா, எங்களை நோக்கியதா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இருவரும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு தாளில் இரண்டு பத்திகள் வரைந்தோம். முதற்பத்தியில், செய்தே ஆக வேண்டியவை. இதயத்தின் இடப்புறத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருக்கிறதா என்று எக்கோ பார்த்தல், சிறுநீரகத்திற்கு ஸ்கேன், செவித்திறன், தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் சோதனை, 11 அல்லது 12 வயதளவில் பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் மருந்தைச் சிறிய அளவில் தொடங்குதல். இவற்றில் எதையும் விடலாகாது. இரண்டாம் பத்தியில், குடும்பம் தேர்ந்தெடுக்க வேண்டியது. அதில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஒன்றுதான் இருந்தது.

அவர்கள் அத்தாளை எடுத்துச் சென்று, பத்து நாள் கழித்து வந்தார்கள். மனையை விற்பதில்லை, கையிலிருக்கும் சேமிப்பைக் கொண்டு ஓராண்டு ஊசி போட்டுப் பார்ப்பது, பலன் குறைவாயின் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். முதலாண்டில் அவள் 7 சென்டிமீட்டர் வளர்ந்தாள். பிறகும் தொடர்கிறார்கள். ஊசி வலிக்கிறதா என்று கேட்டோம். "வலிக்கல. ஆனா ஆச்சி வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. அங்க ரெண்டு நாளு தங்க முடியல" என்றாள். இந்த இழப்பு எங்கள் இரண்டு பத்திகளில் எதிலும் இடம்பெற்றிருக்கவில்லை. இப்போது பனிக்கட்டிப் பையில் மருந்தை எடுத்துச் செல்லும் முறையைச் செவிலியர் கற்றுக்கொடுத்துள்ளார். பனிக்கட்டியின்மேல் மருந்து நேரடியாகப் படக்கூடாது. உறைந்த மருந்து பயன்படாது.

அதே நோய்க்குறியுள்ள மற்றொரு பெண்ணின் குடும்பம் ஊசி வேண்டாமென்று முடிவு செய்தது. இதயம், செவி, ஈஸ்ட்ரோஜன் முதலிய முதற்பத்தி முழுவதையும் ஒருமுறைகூடத் தவறாமல் செய்தார்கள். அவர் இன்று கல்லூரியில் பயில்கிறார். இரு குடும்பங்களும் அறிந்தே தேர்ந்தெடுத்தன. இவற்றில் ஒன்று சரி, மற்றது தவறு என்று நாங்கள் கருதவில்லை.

எலும்பின் அமைப்பு வேறாக இருக்கும்போது

சாரல் நாளில் வந்த குழந்தைக்கு இருந்தது அகோண்ட்ரோபிளேசியா. கைகால்கள் குறுகியும் தலை சற்றுப் பெரிதாகவும் இருக்கும். அறிவு வளர்ச்சியில் பொதுவாகக் குறைவிராது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1994-இல் கண்டறியப்பட்டது. இந்நிலையுள்ள பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ எண்மர், இயல்பான உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. அந்தத் தாயை, கிரகண நேரத்தில் வெளியே வந்ததால்தான் என்று சிலரும், முறைமாமனை மணந்ததால்தான் என்று சிலரும் இரண்டு ஆண்டுகளாகக் குத்திக் காட்டியிருந்தார்கள். நெருங்கிய உறவில் மணப்பதால் வேறு சில நோய்கள் கூடுதலாக வருவது உண்மையே. இந்நோய் அவற்றில் ஒன்றன்று. கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை அவருடைய மாமியாரையும் அழைத்து, அவர் முன்னிலையிலேயே சொன்னோம். எங்கள் அன்றைய வேலையில் பெரும்பயன் தந்தது அதுவாகவும் இருக்கலாம்.

இக்குழந்தைகளுக்கு உயரத்தைவிட அவசரமான காரியங்கள் உள்ளன. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளை குறுகியிருக்கக்கூடும். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், உரத்த குறட்டை, கைகால் தளர்ச்சி ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி வர வேண்டும். காதில் சீழ் அடிக்கடி வரும். கவனிக்காவிட்டால் செவித்திறனும் பேச்சும் பாதிக்கப்படும். முதுகுத் தசைகள் வலுவடையும் வரை குழந்தையைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கலாகாது. முதுகு வளையுமாறு தூளியில் நெடுநேரம் கிடத்துவதையும் தவிர்க்க வேண்டும். எண்ணெய் தேய்க்கும்போது கழுத்தைச் சொடுக்குதல், கைகால்களை இழுத்து நீட்டுதல், தலைகீழாகத் தூக்கி உதறுதல் ஆகியவை கூடவே கூடாது. அவற்றால் எலும்பு நீளாது, தண்டுவடத்திற்கு ஊறு நேரலாம்.

உயரத்திற்கான வழிகள் என்ன? வளர்ச்சி ஹார்மோனால் இந்நிலையில் குறிப்பிடத்தக்க பயனில்லை. வோசோரிடைட் என்னும் நாள்தோறும் போடும் ஊசிக்கு 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் வழங்கப்பட்டது. 121 குழந்தைகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அவ்வாண்டில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். அமெரிக்காவில் அதன் ஓராண்டுச் செலவு லட்சக்கணக்கான டாலர். நம் குடும்பங்கள் எளிதில் எட்டக்கூடிய மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

மற்றொன்று எலும்பை நீட்டும் அறுவை. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய இலிசரோவ் என்னும் மருத்துவர் உருவாக்கிய முறை அது. எலும்பை வெட்டி, வெளியே வளையங்களைப் பொருத்தி, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிச் செல்வார்கள். இடையில் புதிய எலும்பு வளரும். 10 சென்டிமீட்டர் நீள 100 நாள் ஆகும். அதன்பின் புதிய எலும்பு இறுகும் வரை மேலும் பல மாதங்கள் வளையங்களோடு இருக்க வேண்டும். கம்பி நுழையுமிடத்தில் சீழ் பிடித்தல், மூட்டு இறுகுதல், நரம்பு பாதிப்பு ஆகியவை நேரலாம். கால் வளைந்து வலிக்கும் குழந்தைக்கு அதை நேராக்கும் அறுவை தேவைப்படலாம். அது வேறு. உயரத்திற்காக மட்டும் செய்யும் அறுவையைப் பொறுத்தவரை, குழந்தை வளர்ந்து, எல்லாவற்றையும் கேட்டறிந்து, தன் வாயால் 'வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லும் வரை காத்திருப்பதே முறை என்பது எங்கள் கருத்து. வலியைத் தாங்கப்போகிறவர் அவரே.

முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

எந்தச் சிகிச்சையானாலும், எந்த மருத்துவரிடமானாலும், இந்த ஆறு கேள்விகளை எழுதி எடுத்துச் சென்று கேளுங்கள்.

1. என் குழந்தையின் உயரக் குறைவிற்குக் காரணம் என்ன? எந்தச் சோதனையால் அது உறுதியாயிற்று?
2. சிகிச்சையால் இறுதி உயரத்தில் எத்தனை சென்டிமீட்டர் கூடும்? சிகிச்சை இல்லாவிட்டால் எவ்வளவு உயரம் வரும்?
3. எலும்பு வயதின்படி எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது?
4. எத்தனை ஆண்டுகள்? மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் நிறுத்த நேர்ந்தால் என்னாகும்?
5. ஓராண்டு கழித்து, எந்த அளவு வளர்ச்சி இருந்தால் தொடர்வோம், எந்த அளவில் நிறுத்துவோம்?
6. உயரத்தைத் தவிர, கட்டாயம் கவனிக்க வேண்டிய உடல்நலச் சோதனைகள் எவை?

ஏழாவது கேள்வியை மருத்துவரிடம் கேட்க வேண்டாம், குழந்தையிடம் கேளுங்கள். 'உனக்கு எது கடினமாக இருக்கிறது?' என்பதே அது. உயரம் என்று நாம் எதிர்பார்ப்போம். கரும்பலகை தெரியவில்லை, கழிவறைக் குழாய் எட்டவில்லை, பேருந்துப் படி ஏற முடியவில்லை என்று அவர்கள் சொல்வதையே பெரிதும் கேட்டிருக்கிறோம். இவற்றிற்கு ஊசி வேண்டியதில்லை. ஒரு மணைப்பலகை, கால் தாங்கியுள்ள நாற்காலி, தாழ்வான கொக்கி, ஆசிரியரிடம் ஒரு சொல் ஆகியவை போதும்.

குழந்தையை அதன் வயதுக்கேற்ப நடத்துங்கள், உயரத்திற்கேற்ப அன்று. பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளையாக எண்ணி இடுப்பில் தூக்குவதும், கடைக்கு அனுப்பாதிருப்பதும் அன்பினால் செய்யும் தீங்குகள். பட்டப்பெயர் வைப்பதை வீட்டில் முதலில் நிறுத்துங்கள். பொதிகையில் வாழ்ந்த குறுமுனி அகத்தியர் என்று செல்லமாகச் சொல்லும் தாத்தாக்கள் நம் பக்கத்தில் உண்டு. குழந்தைக்கு அது பிடித்திருக்கிறதா என்பதை அவர்களும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், 2024 பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் உயரம் குறைந்தோருக்கான எஸ்எச்6 பிரிவு இறகுப்பந்தாட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். எல்லாக் குழந்தைகளும் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வுயரத்தினருக்கென்றே ஒரு விளையாட்டுப் பிரிவு உலக அரங்கில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

உரிமைகளும் உதவிகளும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குள்ளத்தன்மையும் அவற்றுள் ஒன்று. வயதுவந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டர், அதாவது 4 அடி 10 அங்குலம், அல்லது அதற்கும் குறைவாக இருத்தலை அச்சட்டம் அவ்வாறு வரையறுக்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதென மருத்துவக் குழு சான்றளித்தால், அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசுப் பணியிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டைக் கோரலாம். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில், உறுதிசெய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, டர்னர் நோய்க்குறி முதலியவற்றுக்கான ஹார்மோன் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. அதற்கென அறிவிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களின் வழியாகவே நிதியுதவி கோர முடியும். ஆரியங்காவு, புனலூர் வழியாக நம் பகுதியினர் சென்றுவரக்கூடிய திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை அத்தகைய மையங்களுள் ஒன்று. பரிந்துரைக் கடிதத்தையும் சோதனை அறிக்கைகளையும் எங்கள் பிரிவில் ஆயத்தம் செய்து தருகிறோம்.

முதன்முறை வரும்போது, பிறந்தபோதைய எடை எழுதிய தாய்சேய் நல அட்டை, பள்ளியில் அளந்த உயரக் குறிப்புகள், பழைய சீட்டுகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். இயலுமாயின் தாய், தந்தை இருவரும் வாருங்கள். உங்கள் உயரத்தையும் அளக்க வேண்டும்.

அருவியைப் பற்றிய விடை

குற்றாலப் பேரருவி மேலிருந்து ஒரே வீச்சாக விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்த பிறகே நாம் குளிக்குமிடத்திற்கு இறங்குகிறது. அப்படியும், கழுத்தெலும்பும் தண்டுவடத் துளையும் நலிவாக உள்ள குழந்தையின் தலையில் அந்தத் தாரை நேரே விழலாகாது. ஆகவே அந்தத் தாயிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "கூட்டிட்டுப் போங்க. அப்பா இடுப்புல வச்சுக்கிடட்டும். ஒரு கை கழுத்துக்குப் பின்னால தாங்கலா இருக்கட்டும். தண்ணி விழுற இடத்துக்குப் போகாம, ஓரத்துல தெறிக்கிற தண்ணியில நனையட்டும். வெள்ளம் கூடுன நாள்ல வேண்டாம். குளிச்ச பெறகு காதை நல்லாத் துடைச்சு விடுங்க."

மூன்று மாதம் கழித்துக் காதுப் பரிசோதனைக்கு வந்தபோது, போய் வந்தீர்களா என்று கேட்டோம். "போனோம் டாக்டர். வெளிய வரவே மாட்டேன்னு ஒரே அழுகை" என்றார். குழந்தையை அளந்தோம். முந்தைய அளவைவிட ஒரு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். இரண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டோம்.